ஏழு நாய்களும் ஒரு வெள்ளமும்: ஜவ்வாது மலை மக்களின் கதையில் நம் பெயர்

திருவண்ணாமலை என்றதும் ஒரே ஒரு மலைதான் நினைவுக்கு வரும். கோயிலும் கிரிவலமும் கார்த்திகைத் தீபமும் அந்த ஒற்றை மலையைச் சுற்றியே அமைந்தவை. ஆனால் அந்நகரின் பெயரைத் தாங்கிய மாவட்டத்தில் இன்னொரு மலை இருக்கிறது. நகரிலிருந்து வடக்கே போளூர் வழியாகவோ மேற்கே செங்கம் வழியாகவோ சென்றால் நெடுஞ்சுவர் போல் எழுந்து நிற்கும் ஜவ்வாது மலைத்தொடர் அது. அதன் மேட்டு நிலங்களில், ஜமுனாமரத்தூரைச் சுற்றி, சிறு சிறு ஊர்களாக வாழ்பவர்கள் மலையாளிகள். கேரளத்துக்கும் இவர்களுக்கும் தொடர்பில்லை. மலையை ஆள்பவர் மலையாளி, அவ்வளவே. இவர்கள் பேசுவது தமிழ். சேர்வராயன் மலை, கொல்லிமலை, பச்சைமலை, கல்வராயன் மலை ஆகியவற்றிலும் இதே பெயரில் இவர்களின் உறவினத்தார் வாழ்கின்றனர். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மூன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட தொகையினரான இவர்களே தமிழ்நாட்டுப் பழங்குடியினருள் மிகப் பெரிய பிரிவினர்.

இவர்களைப் பற்றி ஒரு முஸ்லிம் இல்லத்தில் பேசவேண்டிய காரணம் என்ன? இவர்கள் மலையேறிய கதையில் நம் பெயர் இருக்கிறது. மலையாளிகளைக் குறித்து எழுதப்படும் கட்டுரைகள் பலவற்றில் ஒரு வரி தவறாமல் இடம்பெறும்: இவர்கள் காஞ்சிபுரத்து வேளாளர்கள், தென்னாட்டில் முகம்மதியர் ஆட்சி ஓங்கியபோது அதற்கு அஞ்சி மலைக்குச் சென்றவர்கள் என்பதே அது. பள்ளியில் படிக்கும் நம் பிள்ளை அதைப் படித்துவிட்டு வந்து, "நாமா இவர்களை விரட்டினோம்?" என்று கேட்டால் என்ன சொல்வது? இல்லவே இல்லை என்று கோபப்படுவது ஒரு வழி. தலை குனிந்து பேச்சை மாற்றுவது இன்னொரு வழி. ஒரு செய்தி வந்தால் அதைத் தீர விசாரிக்க வேண்டும், அறியாமையால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துவிடக் கூடாது என்று சூரா அல்ஹுஜுராத் நமக்குக் கற்பிக்கிறது. அந்த விசாரணை நம்மைக் குற்றம் சாட்டும் செய்திக்கும் பொருந்தும். நம்மைப் புகழும் செய்திக்கும் பொருந்தும்.

அந்த வரியின் பிறப்பிடம் எட்கர் தர்ஸ்டன் 1909இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய நூல். தர்ஸ்டன் சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர். சேர்வராயன் மலையில் வழங்கும் மரபாக அவர் பதிந்த கதை இதுதான்: ஏறத்தாழப் பத்துத் தலைமுறைக்கு முன், முகம்மதியர் ஆட்சி ஓங்கிய காலத்தில், காஞ்சியிலிருந்து மூன்று சகோதரர்கள் புறப்பட்டனர். மூத்தவர் சேர்வராயனையும் நடுவர் கொல்லிமலையையும் இளையவர் பச்சைமலையையும் அடைந்தனர்.

இதே நூலில், இதே பக்கங்களை ஒட்டியே, வேறொரு கதையும் இருக்கிறது. அதில் முஸ்லிம்கள் வரவே மாட்டார்கள். கரிராமன் என்னும் தெய்வத்துக்குக் காஞ்சியில் இருப்புக் கொள்ளவில்லை. அது புது இடம் தேடிப் போயிற்று. பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்ற மூன்று அடியவர்கள் குடும்பத்தோடு பின்தொடர்ந்தனர் என்று அது சொல்கிறது. ஆக, மூன்று சகோதரர்கள் என்பது நிலையாக இருக்கிறது. காஞ்சி நிலையாக இருக்கிறது. ஏன் புறப்பட்டார்கள் என்ற காரணம் மட்டும் கதைக்குக் கதை மாறுகிறது. அந்தக் காரணத்தில்தான் நம் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஜவ்வாது மலையினர் சொன்ன கதை இவை இரண்டினும் வேறு. வட ஆர்க்காடு மாவட்டத்தைப் பற்றி ஆங்கில அதிகாரிகள் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதிய கையேட்டில் அது பதிவாகியுள்ளது. எனக்கு மிகப் பிடித்த பகுதி இது. சற்று விரித்தே சொல்கிறேன்.

கங்குந்தி என்ற இடத்து வேடர்கள் காஞ்சியின் காரைக்காட்டு வேளாளரிடம் பெண் கேட்டனர். வேளாளர் இழிவாகப் பேசி மறுத்தனர். சினங்கொண்ட வேடர்கள் ஏழு கன்னிப் பெண்களைக் கவர்ந்து சென்றனர். அவர்களை மீட்க ஏழு வேளாள ஆண்கள் ஏழு நாய்களுடன் புறப்பட்டனர். புறப்படும்போது மனைவியரிடம் சொன்னார்கள்: நாய்கள் மட்டும் தனியே திரும்பி வந்தால் நாங்கள் இறந்துவிட்டோம் என்று கொண்டு, செய்யவேண்டிய சடங்குகளைச் செய்துவிடுங்கள். வழியில் பாலாற்றில் வெள்ளம். ஆண்கள் எப்படியோ நீந்திக் கரையேறினர். நாய்கள் பாதி ஆறு வரை நீந்தி, முடியாமல் திரும்பி, காஞ்சிக்கே போய்ச் சேர்ந்தன. ஏழு பேரும் வேடர்களை வென்று ஊர் திரும்பியபோது, அவர்கள் உயிரோடிருக்கும்போதே அவர்களுக்கு ஈமச்சடங்கு முடிந்திருந்தது. மனைவியர் விதவைக் கோலத்தில் இருந்தனர். இறந்தவர்களாக எண்ணப்பட்டவர்களுக்கு ஊரில் இடமில்லை. சாதியிலிருந்து விலக்கப்பட்ட அவர்கள் வேடர் குலப் பெண்களை மணந்து, ஜவ்வாது மலையேறி, பயிர் செய்து வாழ்ந்தனர். அவர்களின் வழிவந்தோரே மலையாளிகள்.

இதைப் படிக்கும் முஸ்லிம் ஒருவருக்கு உடனே சூரா அல்கஹ்ஃபு நினைவுக்கு வரும். குகைத் தோழர்களின் எண்ணிக்கையில் மக்கள் கொண்ட கருத்து வேறுபாடுகளைச் சொல்லும் இடத்தில், அவர்கள் ஏழு பேர், எட்டாவது அவர்களின் நாய் என்ற கூற்றும் வருகிறது. அவர்களும் நகருக்குத் திரும்பியபோது அவர்கள் அறிந்திருந்த உலகம் அங்கு இல்லை. இரு கதைகளுக்கும் வரலாற்றுத் தொடர்பு உண்டு என்று நான் சொல்ல வரவில்லை. அந்த வசனத்தில் எண்ணிக்கையைப் பற்றி ஆழ்ந்து தர்க்கம் செய்யவேண்டாம் என்ற அறிவுரையும் இருக்கிறது. பழங்கதைகளை வாசிக்கும் முறைக்கு அதைவிடச் சிறந்த வழிகாட்டல் எனக்குத் தெரியவில்லை. ஏழா, மூன்றா, நாய்கள் எத்தனை என்பதை விட்டுவிட்டு, கதை எதை ஒப்புக்கொள்கிறது என்று பார்ப்போம். இந்தக் கதை ஒப்புக்கொள்வது வியப்பானது. எங்கள் பாட்டிமார் வேடர் குலத்துப் பெண்கள் என்கிறது. எங்களை ஊரைவிட்டுத் தள்ளியவர்கள் வேற்று மதத்தாரோ வேற்று நாட்டாரோ அல்லர், எங்கள் சொந்த உறவினரும் அவர்களின் சாதிக் கட்டுப்பாடுமே என்கிறது. இக்கதையிலும் ஒரு சுல்தானின் நிழல்கூட இல்லை.

வேடர் என்ற சொல் சும்மா வந்ததன்று. செங்கம் வட்டாரத்தில் வயலோரங்களில் வேடியப்பன் என்று வணங்கப்படும் கற்கள் பலவற்றை அருகே சென்று பார்த்தால் அவை பல்லவர் காலத்து நடுகற்கள். ஆநிரையைக் கவர்ந்தபோதோ மீட்டபோதோ மாண்ட வீரனின் உருவமும் அவனைப் பற்றிய எழுத்தும் அவற்றில் இருக்கும். தமிழ்நாடு தொல்லியல் துறை 1970களின் தொடக்கத்தில், இரா. நாகசாமி தலைமையில், இவற்றை ஊர் ஊராகத் தேடிப் படியெடுத்து வெளியிட்டது. அவற்றுள் எடுத்தனூர் நடுகல் புகழ்பெற்றது. முதலாம் மகேந்திரவர்மன் காலத்தைச் சேர்ந்தது. 7ஆம் நூற்றாண்டின் முற்பகுதி. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு ஹிஜ்ரத் செய்ததும் அதே முற்பகுதியில்தான். அந்தக் கல்லில் வீரனோடு ஒரு நாயும் செதுக்கப்பட்டுள்ளது. கோவிவன் என்பது அதன் பெயர். தலைவன் வீழ்ந்த பின்னும் அது இரு கள்வரைக் கடித்து, விலகாமல் நின்றது என்று கல் சொல்கிறது. மலையாளிகளின் கதையில் நாய்கள் பாதி வழியில் திரும்பியதால் ஒரு குடியின் தலைவிதி மாறியது. மலையடிவாரத்துக் கல்லில் நாய் திரும்பாமல் நின்றதால் அதன் பெயர் 1400 ஆண்டுகளாக அழியாமல் நிற்கிறது.

இன்னும் பின்னோக்கிப் போகலாம். பத்துப்பாட்டில் ஒன்றாகிய மலைபடுகடாம், செங்கண்மாவை ஆண்ட நன்னன் மீது பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் பாடியது. செங்கண்மா என்பதே இன்றைய செங்கம். அப்பாட்டில் வரும் சேயாறு, ஜவ்வாது மலையில் பிறக்கும் செய்யாறு. பரிசில் பெறப் போகும் கூத்தர்க்கு வழி சொல்வதாக அமைந்த அந்நெடும்பாட்டு, தினைப்புனங்களையும் பன்றியைப் பிடிக்க வைத்த பொறிகளையும் யானையை விரட்டக் கவண்கல் எறியும் காவலர்களையும் வந்தவர்க்கு வயிறாரச் சோறிடும் மலைச் சிற்றூர்களையும் வரிசையாகக் காட்டுகிறது. அப்பாட்டுக்கும் தென்னாட்டில் எந்தச் சுல்தானின் குதிரை கால் வைத்ததற்கும் இடையே ஆயிரம் ஆண்டுகளாவது இருக்கும். மலையில் மக்கள் முன்பே இருந்தனர். பிற்காலத்தில் சமவெளியிலிருந்து உழவர்கள் போய்ச் சேர்ந்தனர். இருவரும் கலந்து ஒரு குடியாயினர். ஏழு நாய்களின் கதை இதைத்தான் தன் வழியில் சொல்கிறது என்பது என் கருத்து.

அப்படியானால் 'முகம்மதியர் ஆட்சி' என்பது முழுப் பொய்யா? அவ்வாறு சொல்லித் தப்பித்துக்கொள்வதும் நேர்மையாகாது.

திருவண்ணாமலையையே எடுத்துக்கொள்வோம். 14ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் போசள மன்னர் மூன்றாம் வல்லாளர் இந்நகரைத் தம் தலைநகர்களுள் ஒன்றாகக் கொண்டிருந்தார். கோயிலின் வல்லாள கோபுரம் அவர் பெயரைத் தாங்கியே நிற்கிறது. மதுரைச் சுல்தான் கியாசுத்தீன் தாமகானியோடு நடந்த போரில், 1342ஐ ஒட்டி, முதுமையில் அவர் பிடிபட்டுக் கொல்லப்பட்டார். அவர் தோலை உரித்து வைக்கோல் திணித்து மதுரை மதிலில் தொங்கவிட்டனர். இதைச் சொல்பவர் பகைவர் அல்லர்; அதைத் தம் கண்ணால் கண்ட இப்னு பதூதா. அவர் அந்தச் சுல்தானுக்கு நெருங்கிய திருமண உறவினரும்கூட. பிள்ளையில்லாத வல்லாளருக்கு அண்ணாமலையாரே மகனாக நின்று திதி கொடுப்பதாக ஒவ்வொரு மாசி மாதமும் பள்ளிகொண்டாப்பட்டு ஆற்றங்கரையில் இன்றும் விழா நடக்கிறது. நகரம் அவரை மறக்கவில்லை.

இப்னு பதூதா இன்னொன்றையும் எழுதியிருக்கிறார். சுல்தானின் படை காட்டு வழியே சென்றபோது, காட்டில் அகப்பட்டவர்களைப் பெண்கள், குழந்தைகள் என்று பாராமல் கழுவேற்றியதைக் கண்டு அவர் நடுங்கினார். வேறெந்த அரசரும் செய்து தாம் அறியாத இழிசெயல் இது என்றும், இதனால்தான் இறைவன் அந்தச் சுல்தானின் முடிவை விரைவுபடுத்தினான் என்றும் அவர் கருதினார். அப்படைப் பாசறை இருந்ததாக அவர் கூறும் 'ஹர்காத்து' என்ற இடத்தை ஆர்க்காடு என்று கொள்ளும் ஆய்வாளர்கள் உண்டு. அது சரியானால், ஜவ்வாது மலையின் வடகிழக்கு அடிவாரத்துக்கு அருகே நடந்தவை இவை. அக்காலத்து மலையோர மக்கள் அஞ்சியதற்குக் காரணம் இருந்தது. அதை மறுப்பவர் நம் சொந்தப் பயணியின் சாட்சியத்தையே மறுக்கிறார்.

அதே இப்னு பதூதா, வல்லாளரின் படையில் இருபதினாயிரம் முஸ்லிம்கள் இருந்ததாகவும் சொல்கிறார். எண்ணிக்கை மிகையாக இருக்கலாம். அவர்களைப் பற்றி அவர் நல்ல சொல் எதுவும் சொல்லவுமில்லை. ஆயினும் திருவண்ணாமலை மன்னருக்காக முஸ்லிம்கள் வாளெடுத்தனர், மதுரைச் சுல்தானுக்கு எதிராக நின்றனர் என்பது அவர் எழுத்தில் தெளிவாக உள்ளது. அது அரசர்களின் போர். இரு பக்கமும் எல்லா வகை மனிதரும் இருந்தனர்.

இனி அந்தப் 'பத்துத் தலைமுறை'க் கணக்கு. மதுரைச் சுல்தானகம் 1335 முதல் 1378 வரை நீடித்தது. தர்ஸ்டனின் காலத்திலிருந்து பத்துத் தலைமுறையைப் பின்னால் எண்ணினால், தலைமுறைக்கு 25 ஆண்டு என்றாலும் 30 ஆண்டு என்றாலும், 17ஆம் நூற்றாண்டில்தான் வந்து நிற்போம். மதுரைச் சுல்தான்களை எட்ட முடியாது. 17ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் பெரும்பகுதி காஞ்சி விஜயநகர அரசரின் வழிவந்தோர் ஆட்சியில் இருந்தது. 1640களில்தான் கோல்கொண்டாப் படை மீர் ஜும்லாவின் தலைமையில் வந்தது. பீஜப்பூர்ப் படையும் வந்தது. வேலூரிலிருந்து ஆண்ட மூன்றாம் ஸ்ரீரங்கரை எதிர்க்கத் திருமலை நாயக்கர் போன்றோரே அந்தச் சுல்தான்களின் உதவியை நாடினர். 1646, 47 ஆண்டுகளில் சோழமண்டலக் கரை முழுவதும் கொடும் பஞ்சம். வரி, படை, பஞ்சம் மூன்றும் ஒருசேர வந்தால் உழவன் எங்கே போவான்? யாரும் எளிதில் ஏறி வந்து வரி கேட்க முடியாத இடத்துக்குப் போவான். அந்த ஓட்டத்தை 'முகம்மதியர் ஆட்சி'க்கு அஞ்சிய ஓட்டம் என்று ஒரு பாட்டனார் பேரனுக்குச் சொல்லியிருந்தால் அதில் ஓர் உண்மை இருக்கிறது. முழு உண்மை இல்லை. அதைக் கேட்டு எழுதிய ஆங்கில அதிகாரிகளின் கல்வியும் இதற்குத் துணைபோயிற்று. தங்களுக்கு முன்னிருந்த ஆட்சி இருண்டது, தாங்கள் ஒளி கொண்டுவந்தோம் என்பது அவர்கள் நூலகங்களில் ஊறிப்போன எண்ணம்.

பின்னரும் செங்கம் கணவாய் வழியே படைகள் ஓய்ந்தபாடில்லை. 1767 செப்டம்பர் 3இல் செங்கத்திலும் அம்மாத இறுதியில் திருவண்ணாமலையிலும் ஹைதர் அலியும் நிஜாமும் ஒருபுறம், கர்னல் ஜோசப் ஸ்மித்தின் கம்பெனிப் படை மறுபுறமாக மோதினர். 1780இல் ஹைதர் அதே கணவாய் வழியே இறங்கிக் கர்நாடகச் சமவெளியை எரித்தபடி சென்றார். காஞ்சிக்கு அருகே பொள்ளிலூரில் கம்பெனிக்குப் பெருந்தோல்வி. நம் இல்லங்களில் ஹைதரையும் திப்புவையும் ஆங்கிலேயரை நடுங்கவைத்த வீரர்களாகவே சொல்லி வளர்க்கிறோம், அது தவறன்று. ஆனால் அப்படை கடந்த ஊர்களில் நெற்போர் எரிந்தவனுக்கு, குதிரை மேல் வந்தவன் யாரை எதிர்த்துப் போகிறான் என்பது முக்கியமாகப் பட்டிராது. அவன் பார்த்தது நெருப்பை.

மலையேறியவர்களைத் துரத்திக்கொண்டு மலை மேலேயே வந்தது வேறொன்று. சென்னை வனச் சட்டம், 1882. காடு வெட்டி எரித்து, சில ஆண்டு பயிர் செய்து, பின் அதை ஆறவிட்டு வேறிடம் செல்லும் கொத்துக்காட்டு வேளாண்மை அவர்களின் முறை. சாமை, தினை, கேழ்வரகு அதில் விளைந்தன. காப்புக்காடு என்று எல்லைக்கல் நட்டதும் அந்த முறை குற்றமாயிற்று. சந்தன மரம் அரசின் உடைமை. பட்டா நிலத்தில் தானே முளைத்த மரமும் நெடுங்காலம் அரசுக்கே உரியதாக இருந்தது. திருப்பத்தூரில் அரசின் பெரிய சந்தனக் கிடங்கு எழுந்தது. மலைக்காரனுக்கு மரத்தின் நிழல் மிஞ்சியது. மலையின் மேற்புறத்தில், திருப்பத்தூர் மாவட்டத்துக் காவலூரில், இந்தியாவின் பெரிய தொலைநோக்கிகளுள் ஒன்று 1986 முதல் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அதே மலைகளிலிருந்து கூலிக்கு மரம் வெட்ட ஆட்களை ஏற்றிச் செல்லும் தரகர்களும் வந்துகொண்டிருந்தனர். 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்தின் சேஷாசலக் காட்டில் செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லி 20 தமிழர்களைக் காவல்துறை சுட்டுக்கொன்றது. மாண்டவர்களில் பலர் திருவண்ணாமலை மாவட்டத்தார், மலையாளிக் குடியினரும் அவர்களுள் இருந்தனர். காட்டு நிலத்துக்கு உரிமை தரும் சட்டம் நாடாளுமன்றத்தில் 2006இல் நிறைவேறியும், தமிழ்நாட்டில் வழக்குகளால் 2016 வரை பட்டா வழங்க இயலவில்லை. ஒரு குடியின் வரலாற்றில் யார் எவ்வளவு பறித்தார்கள் என்று கணக்கெழுதினால் சுல்தானின் பக்கத்தைவிட இந்தப் பக்கம் நீளமாக இருக்கும். சுல்தானின் பக்கம் வெற்றுத்தாள் என்று அதற்குப் பொருளில்லை.

மலைக்கும் நம் சமுதாயத்துக்கும் இடையே கதைப் புத்தகங்களில் வராத ஓர் உறவும் உண்டு. ஜவ்வாது மலைக்கு வடக்கே பாலாற்றுச் சமவெளியில் வாணியம்பாடியும் ஆம்பூரும் இருக்கின்றன. அங்குள்ள தோல் பதனிடும் தொழிலைத் தலைமுறைகளாக நடத்தி வருபவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். குரோம் உப்பு வருவதற்கு முன் தோலைப் பதப்படுத்தியவை ஆவாரம்பட்டையும் கடுக்காயும். ஆவாரை சமவெளியில் கிடைக்கும். கடுக்காய் மலையில்தான் விளையும். அதைப் பொறுக்கி, உலர்த்தி, மூட்டை கட்டித் தலைச்சுமையாக இறக்கியவர்கள் மலை மக்கள். ஊறல் தொட்டியில் தோலும் கடுக்காயும் கிடந்த அக்காலத்தில், காஞ்சியிலிருந்து யார் யாரை விரட்டினார்கள் என்ற பேச்சு எழுந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை. எடை சரியாக நிறுக்கப்பட்டதா, கூலி நாளைக்கென்று தள்ளிப்போகாமல் அன்றே கொடுக்கப்பட்டதா என்பதுதான் அங்கே கேள்வி. அளவையில் குறைப்போரை எச்சரிக்க ஒரு சூராவே இறங்கியிருக்கும்போது, அந்தக் கேள்விக்கு நம் முன்னோர் மறுமையில் பதில் சொல்லியாக வேண்டும்.

கடுக்காய் இன்றும் இறங்குகிறது. புளி, தேன், சாமை, சீத்தாப்பழம் ஆகியவற்றோடு அதுவும் ஜமுனாமரத்தூரில் சேர்ந்து, கூட்டுறவுச் சங்கத்தின் வழியாகவும் வியாபாரிகளின் வழியாகவும் போளூருக்கும் வேலூருக்கும் போகிறது. கீழே செங்கத்துப் பக்கம், மகேந்திரவர்மன் காலத்துக் கல்லில், கோவிவன் தன் தலைவனுக்குப் பக்கத்திலேயே நிற்கிறது.